மூன்றாம் பக்கத்தில் வந்த பற்றுக்குறி: பேரேட்டு நிரல் ஒன்று விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போன கதை

செட்டிநாட்டு வீடுகளில் பழைய கணக்கேடுகள் இன்னும் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் அங்கே கடையில் எழுதிய பேரேடும் ஐந்தொகையும் ஊர் வந்து சேர்ந்து, இரண்டாம் கட்டு அறைகளில் அப்படியே கிடக்கின்றன. பக்கத்தின் தலையில் 'உ' என்று பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே தமிழ் எண்கள்: ௰, ௱, ௲. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. இந்தக் குறிகளைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது மிகக் குறைவு. அதனால்தான் இந்த வேலை எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் சின்ன அலுவலகம் வைத்து நிரல் எழுதித் தருகிறேன். 2006இல் இந்த ஏடுகளுக்காகவே சி மொழியில் ஒரு நிரல் எழுதினேன். ஸ்கேன் செய்த பக்கத்தை எடுத்து, பழுப்பேறிய தாளின் நிறத்தை நீக்கி, மை இருக்கும் இடத்தை மட்டும் தனியே பிரித்து, வரி வரியாக வெட்டிக் கொடுக்கும். அப்புறம் ஆள் உட்கார்ந்து, பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியில் பிறந்த நிரல். பிறகு விண்டோஸ் 7இலும் ஓடியது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு ஆதரவு நின்றது. அந்தப் பழைய கணினிகளும் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. புதிதாக வாங்கிய கணினியில் 64 பிட் லினக்ஸ் போட்டு, நிரலை அங்கே கொண்டுபோவது என்று முடிவானது.

திரை, கோப்பு, ஸ்கேனர் ஆகிய எல்லாவற்றையும் நகர்த்துவதற்கு நாங்கள் நாள் ஒதுக்கியிருந்தோம். ஹீப் நினைவகத்துக்கு, அதாவது நிரல் ஓடும்போது கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்கு, ஒதுக்கியது அரை நாள். கடைசியில் அதுதான் ஏறக்குறைய மூன்று வாரத்தைத் தின்றது. என்ன நடந்தது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அரை நாளில் முடிந்ததாக நினைத்தது

விண்டோஸில் நினைவகம் கேட்க நான் பயன்படுத்தியது சி மொழியின் மாலாக் அல்ல. விண்டோஸே தரும் ஹீப்அலாக், ஹீப்ஃப்ரீ: முன்னது நினைவகம் வாங்க, பின்னது திருப்பிக் கொடுக்க. பல இடங்களில் ஹீப்கிரியேட் மூலம் தனி ஹீப் ஒன்றை உண்டாக்கி, அதிலிருந்துதான் எல்லாவற்றையும் எடுத்தேன். லினக்ஸில் இந்தப் பெயர்களே கிடையாது. என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒரு தலைப்புக் கோப்பு (ஹெடர்) எழுதினார். அதில் ஹீப்அலாக் என்றால் மாலாக், ஹீப்ஃப்ரீ என்றால் ஃப்ரீ. ஹீப்கிரியேட் வெறுமனே ஓர் எண்ணைத் திருப்பித் தரும். தனி ஹீப்பை மொத்தமாக அழிக்கும் ஹீப்டெஸ்ட்ராய், இதில் ஒன்றும் செய்யாது. கோடு, அதாவது நிரல் வரிகள், முழுவதையும் தொடாமல் ஒரே கோப்பில் வேலை முடிந்தது. நான் பார்த்தேன், சரி என்றேன். ஒப்புதல் தந்தது நான்தான்.

கம்பைல் ஆனது. ஓடவிட்டதும் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஜிலிப்சி என்னும் லினக்ஸின் சி நூலகம், தன்னுடைய மாலாக்கின் உள்சோதனை ஒன்று தோற்றுவிட்டதாக ஒரு வரி எழுதிவிட்டு நிரலை நிறுத்தியது.

இந்த வகைப் பிழையில் நின்ற இடத்தைப் பார்த்துப் பயனில்லை. மாலாக் தன் கணக்கை வைத்திருப்பது நமக்குக் கொடுத்த துண்டுகளுக்கு நடுவிலேதான். நாம் எல்லை தாண்டி எழுதினால் அதன் கணக்கேடு கெடும். கெட்டது ஓர் இடத்தில், தெரியவருவது அடுத்த முறை மாலாக்கை அழைக்கும் வேறோர் இடத்தில். அதனால், எல்லை தாண்டி எழுதும் இடத்திலேயே பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற கருவியோடு மறுபடி கம்பைல் செய்தோம். ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்களில் ஒரு கொடி (ஃப்ளாக்) சேர்த்தால் போதும். அது தந்த அறிக்கை இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டது: 24 பைட் பகுதி ஒன்றின் முடிவுக்கு 0 பைட் அப்பால், 8 பைட் எழுதப்பட்டிருக்கிறது.

24 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் தொடர்ச்சியாக இருக்கும் ஒவ்வொரு மைத்துண்டுக்கும் ஒரு சிறு பதிவு வைத்திருந்தேன். இடம் இரண்டு, அகலம், உயரம், பரப்பு என்று ஐந்து லாங் எண்கள். அடுத்த பதிவின் நினைவக முகவரியைக் காட்டும் சுட்டி (பாயின்டர்) ஒன்று. 32 பிட் விண்டோஸில் லாங்கும் 4 பைட், சுட்டியும் 4 பைட். ஆறு நான்கு இருபத்து நான்கு. 2006இல் அதை அப்படியே கையால் 24 என்று எழுதி வைத்திருந்தேன். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், சுட்டி 8 பைட், ஆக 48. பாதி இடம் வாங்கி, முழுப் பதிவையும் எழுதிக்கொண்டிருந்தது நிரல். 64 பிட் விண்டோஸுக்குப் போயிருந்தாலும் இது உடைந்திருக்கும், வேறு அளவில்: அங்கே சுட்டி 8 ஆனாலும் லாங் 4 ஆகவே இருக்கும்.

24 இருந்த இடமெல்லாம், அளவைக் கம்பைலரே கணக்கிடும் சைஸ்ஆஃப் என்று மாற்றினோம். கோப்பில் எழுதும் எண்களை மட்டும் லாங் என்று விடாமல், 32 பிட் என்று வெளிப்படையாக அறிவித்தோம். இல்லாவிட்டால் பழைய கணினியில் எழுதிய சுட்டிக் கோப்புகளை (இன்டெக்ஸ்) புதிய கணினி தப்பாகப் படிக்கும். இரண்டு பக்கம் ஓட்டிப் பார்த்தோம். சுத்தமாக வந்தது.

ஆச்சி கண்டுபிடித்தது

அடுத்து 40 பக்கங்களை ஓட்டி, அச்சிட்டு, ஏடுகளுக்குச் சொந்தமான வீட்டுக்கு எடுத்துப் போனேன். அந்த வீட்டு ஆச்சிக்குத் தமிழ் எண்கள் தண்ணீர் பட்ட பாடு. சிறு வயதில் அவருடைய ஐயா பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாராம். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மூன்றாவது தாளில் நின்றுவிட்டார்.

"தம்பி, இது முழுக்க வரவுப் பக்கம். ஓரத்துல பற்றுக்குறி எங்கேருந்து வந்துச்சு? எங்க ஐயா இப்பிடி எழுத மாட்டாங்க."

பார்த்தேன். வலது ஓரத்தில், எழுத்தே இல்லாத வெற்றிடத்தில், தெளிவாக ஒரு ௶. அதற்கு மேலே ஒரு ௲. தலையில் பிள்ளையார் சுழி இரண்டு முறை, ஒன்றுக்கொன்று சற்று விலகி. மூல ஏட்டைத் திறந்து பார்த்தோம். அந்த இடம் வெறும் தாள். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். அதே ௶, அதே ௲, அதே இடத்தில் இருந்தன. முந்தைய பக்கத்தின் மை அடுத்த பக்கத்தில் இறங்கியிருந்தது.

கணக்கேட்டில் இது சாதாரணப் பிழை இல்லை. நிரல் நின்றுபோனால் யாருக்கும் தெரியும். ஒரு ௲ இடம் மாறி விழுந்தால் பத்து ரூபாய் பத்தாயிரம் ஆகும். தட்டச்சு செய்பவர் அதை நம்பித்தான் அடிப்பார். ஆச்சி அன்று பேச்சு வாக்கில் கவனிக்காமல் விட்டிருந்தால், நாங்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களை இப்படியே செய்து முடித்திருப்போம். இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அலுவலகம் வந்ததும் தம்பியிடம் சொன்னேன். உடனே காரணம் தெரிந்துவிட்டதாக நினைத்தோம். ஹீப்அலாக்கில் ஒரு கொடி உண்டு. அதைக் கொடுத்தால் கேட்ட நினைவகத்தைப் பூஜ்யமாக்கித் தரும். எங்கள் தலைப்புக் கோப்பு கொடிகளைக் கண்டுகொள்ளாமல் மாலாக்கை அழைத்துவிட்டது. மாலாக் எதையும் துடைத்துத் தருவதில்லை. முன்பு இருந்தவர் விட்டுப்போனது அப்படியே இருக்கும். ஆகவே கொடி இருந்தால், பூஜ்யமாக்கித் தரும் காலாக் என்று மாற்றினோம். 40 பக்கத்தையும் மறுபடி ஓட்டினோம்.

மூன்றாம் பக்கத்தில் பற்றுக்குறி அங்கேயே இருந்தது.

இரண்டு நாள் போனது. எதிலெல்லாம் கொடி இருக்கிறதோ அதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு தம்பி சொன்னார்: "அண்ணே, கொடி இல்லாத இடத்தைப் பாப்போமே." அங்கேதான் இருந்தது. சுத்தம் செய்த பக்கத்தை வரையும் இடையகத்தை (பஃபர்) நான் கேட்ட வரியில் அந்தக் கொடியே இல்லை. ஆனாலும் கோடு அந்த இடம் பூஜ்யமாக இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது. 0 என்றால் தாள், 255 என்றால் மை. நிரல் மை இருக்கும் புள்ளிகளை மட்டும் எழுதும், தாளை எழுதாது. ஏற்கெனவே அங்கே மை இருந்தால் அது அப்படியே தங்கிவிடும்.

அப்படியானால் விண்டோஸில் அத்தனை வருடம் எப்படிச் சரியாக ஓடியது? இந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான் இந்த வேலையிலேயே எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது.

ஏட்டைத் திறந்து வைத்தால் ஏறக்குறைய ஏ3 அளவு. 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 3508க்கு 4961 புள்ளிகள். வண்ணப்படத்துக்குப் புள்ளிக்கு 3 பைட், ஆக 5,22,09,564 பைட். சுமார் 52 எம்பி. சுத்தம் செய்த கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்குப் புள்ளிக்கு 1 பைட், சுமார் 17.4 எம்பி. விண்டோஸில், தேவைக்கேற்ப வளரும் ஹீப்பிடம் இவ்வளவு பெரிய துண்டைக் கேட்டால், ஹீப் தன் கையிருப்பிலிருந்து தருவதில்லை. 32 பிட் நிரலில் 512 கேபிக்குச் சற்றுக் குறைவான ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் விர்ச்சுவல்அலாக் மூலம் இயங்குதளத்திடமிருந்தே நேராகப் புதுப் பக்கங்களை வாங்கித் தரும். இயங்குதளம் தரும் புதுப் பக்கம் எப்போதும் பூஜ்யமாகத்தான் இருக்கும். வேறொரு நிரலின் தகவல் இன்னொன்றின் கைக்குப் போகக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ஆகவே நான் கேட்காமலே ஒவ்வொரு முறையும் துடைத்த பலகை கிடைத்தது. கேட்டு வாங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

லினக்ஸிலும் பெரிய துண்டுகளுக்கு இதே மாதிரி ஒரு வழி உண்டு. ஜிலிப்சியின் மாலாக், கேட்கும் அளவு 128 கேபியைத் தொட்டால் எம்மேப் மூலம் நேராக இயங்குதளத்திடம் வாங்கும். அதுவும் பூஜ்யமாகவே வரும். அப்படியானால் இங்கேயும் பிழை வந்திருக்கக் கூடாதே? ஜிலிப்சியில் அந்த 128 கேபி நிலையானது இல்லை. எம்மேப்பில் வாங்கிய துண்டை ஃப்ரீ செய்யும்போது, இந்த அளவு அடிக்கடி வந்து போகும் போலிருக்கிறது என்று அது எடுத்துக்கொண்டு, வரம்பைத் துண்டின் அளவுக்கு உயர்த்திவிடும். 64 பிட்டில் 32 எம்பி வரை இப்படி உயரும். இயங்குதளத்திடம் அடிக்கடி ஓடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. எங்கள் நிரலில் என்ன ஆனது என்றால்:

முதல் பக்கத்துக்கு 17.4 எம்பி எம்மேப்பில் வந்தது; சுத்தம். ஃப்ரீ செய்ததும் வரம்பு 17.4 எம்பிக்கு உயர்ந்தது. இரண்டாம் பக்கத்துக்கு அதே அளவு கேட்டபோது எம்மேப்புக்குப் போகவில்லை. ஹீப்பின் எல்லையை மேலே தள்ளி அங்கிருந்து தந்தது. அதுவும் இயங்குதளத்திடம் புதிதாக வந்த இடம் என்பதால் சுத்தம். ஃப்ரீ செய்ததும் அந்த இடம் இயங்குதளத்துக்குத் திரும்பவில்லை, நிரலின் கையிருப்பில் தங்கியது. மூன்றாம் பக்கத்துக்கு அதே இடம் திரும்ப வந்தது, இரண்டாம் பக்கத்தின் மையோடு.

நாங்கள் சோதித்தது இரண்டு பக்கம்.

52 எம்பி வண்ணப்படம் 32 எம்பி உச்சவரம்பைத் தாண்டியது. அது எப்போதும் எம்மேப்பில்தான் வரும், எப்போதும் சுத்தமாக. ஆகவே மூலப் படத்தில் பிழையே தெரியவில்லை. அதுவும் எங்களை வேறு பக்கம் தேட வைத்தது.

திருத்தம் ஒரு சொல்தான்: அந்த இடத்தில் காலாக். வேகம் குறையுமோ என்று தம்பி கேட்டார். எம்மேப்பில் புதிதாக வந்த துண்டை காலாக் மறுபடி துடைப்பதில்லை, பழைய துண்டைத்தான் துடைக்கும். 17 எம்பியைத் துடைக்க ஆகும் நேரம் ஒரு பக்கத்தின் வேலையில் கண்ணுக்கே தெரியாது.

இதே மாதிரி வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ என்ற பயம் மட்டும் போகவில்லை. அதற்கு மாலாக் பெர்டர்ப் என்ற சூழல் மாறி, அதாவது நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் ஓர் அமைப்பு, கைகொடுத்தது. மறுபடி கம்பைல் செய்யக்கூட வேண்டாம். அதற்கு 85 என்று மதிப்புக் கொடுத்து நிரலை ஓட்டினால், மாலாக் தரும் ஒவ்வொரு பைட்டிலும் 170ஐ நிரப்பித் தரும். திருப்பிக் கொடுத்ததில் 85ஐ நிரப்பும். திருத்துவதற்கு முந்தைய நிரலை இப்படி ஓட்டிப் பார்த்தேன். முதல் பக்கமே முழுக்கச் சாம்பல் நிறமாக வந்தது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஆச்சி வரை போயிருக்காது. மூன்றாம் பக்கம் வரை காத்திருக்கும் பிழையை முதல் பக்கத்துக்கே இழுத்து வரும் கருவி இது. இயங்குதளம் மாற்றும் யாரும் முதல் ஓட்டத்தையே இதோடு ஓட்ட வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

அப்படி ஓட்டியதில் இன்னொன்றும் அகப்பட்டது. பேர்வழிகளின் பெயர்களை வைக்கும் பட்டியல் நிறைந்தால் ஹீப்ரீஅலாக்கால் பெரிதாக்குவோம், பூஜ்யக் கொடியோடு. விண்டோஸ் கூடுதலாகக் கிடைத்த பகுதியையும் பூஜ்யமாக்கும். சி மொழியின் ரீஅலாக்கில் அந்த வசதி இல்லை. பழைய அளவைத் தனியே வைத்துக்கொண்டு, மிச்சத்தை நாமே துடைக்க வேண்டும். காலாக் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு இந்த ஓட்டை தெரியாது.

இரவில் செத்துப்போன நிரல்

பக்கங்கள் சரியாக வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை 900 பக்கங்களைக் கொடுத்து, இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் போனோம். காலையில் வந்து பார்த்தால் திரையில் 'கில்டு' (கொல்லப்பட்டது) என்று ஒரே சொல். 570 பக்கத்தை ஒட்டி நின்றிருந்தது. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவைப் பார்த்ததில், நினைவகம் தீர்ந்துபோனதால் எங்கள் நிரலை அதுவே கொன்றதாக எழுதியிருந்தது. சுட்டிக் கோப்பைப் பாதி எழுதிக்கொண்டிருந்த நேரம். ஸ்கேன்கள் பத்திரமாக இருந்தன. சுட்டியை முதலிலிருந்து மறுபடி உருவாக்க வேண்டியதாயிற்று.

இதில் இரண்டு சிக்கல் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

ஒன்று, நினைவகம் ஏன் தீர்ந்தது என்பது. இதை விளக்க நம்ம ஊர் வீட்டைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. வளவு வீட்டில் முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணமானால் 'வேறு வைப்பார்கள்': வீடு ஒன்றுதான், ஆனால் அவர்களுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு, தனிச் சாமான். விண்டோஸின் தனி ஹீப் அப்படித்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அறை திறந்து, அந்தப் பக்கத்தின் மைத்துண்டுப் பதிவுகள் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்தேன். பக்கம் முடிந்ததும் ஹீப்டெஸ்ட்ராய், மொத்த அறையும் ஒரே அடியில் காலி. உள்ளே இருந்த ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக ஃப்ரீ செய்ய வேண்டியதில்லை, நான் செய்யவுமில்லை. ஒரு பக்கத்துக்குச் சுமார் இரண்டு லட்சம் பதிவுகள் வரும்போது அது பெரிய வசதி.

சி மொழியின் மாலாக்கில் இப்படி அறை பிரிக்கும் ஏற்பாடு கிடையாது. எல்லாருக்கும் ஒரே பட்டாலை, பொதுக் கூடம். எங்கள் தலைப்புக் கோப்பில் ஹீப்டெஸ்ட்ராய் ஒன்றும் செய்யாத வெற்று அழைப்பு. ஆகவே ஒரு பக்கத்தின் இரண்டு லட்சம் பதிவுகளும் அப்படியே தங்கிவிட்டன. பதிவு 48 பைட்; மாலாக்கின் கணக்கையும் 16இன் மடங்காக்குவதையும் சேர்த்தால் 64 பைட். பக்கத்துக்கு 12.8 எம்பி கசிவு. 8 ஜிபி கணினி 570 பக்கம் தாங்கியதே பெரிது.

இதற்கு ஒவ்வொரு பதிவையும் தேடிப் போய் ஃப்ரீ செய்யும் கோடு எழுதலாம். நான் வேண்டாம் என்றேன். பழைய அமைப்பின் நல்ல குணமே ஒரே அடியில் காலி செய்வதுதான். அதை இழக்க மனமில்லை. நாங்களே ஓர் அறை கட்டினோம். 1 எம்பி அளவில் ஒரு துண்டை வாங்கி, கேட்கக் கேட்க அதில் முன்பக்கத்திலிருந்து வெட்டிக் கொடுத்துக்கொண்டே போகும் சின்ன ஒதுக்கீட்டுக் கோடு. தீர்ந்தால் இன்னொரு 1 எம்பி. பக்கம் முடிந்தால் எல்லாத் துண்டுகளையும் திருப்பிக் கொடுத்துவிடும். அறுபது எழுபது வரிக்குள் முடிந்தது. ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: வெட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு முகவரியும் 16இன் மடங்காக இருக்க வேண்டும். பதிவுகள் இப்போது 48 பைட்டுக்கு 48 பைட்டாகவே அடுக்கி நிற்கின்றன, பக்கத்துக்கு 9.6 எம்பி, பக்கம் முடிந்ததும் பூஜ்யம். மாலாக்கை இரண்டு லட்சம் முறை அழைத்த இடத்தில் இப்போது பத்து முறை அழைக்கிறோம். இந்தக் கோட்டையே விண்டோஸ் பதிப்பிலும் போட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் இனி ஒரே நடத்தை.

இரண்டாவது சிக்கல், நிரல் ஏன் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்தது என்பது. 2006இலேயே இதை யோசித்து எழுதியிருந்தேன்: நினைவகம் கிடைக்காமல் வெற்றுச் சுட்டி வந்தால், செய்த வேலையைச் சேமித்து, 'நினைவகம் போதவில்லை' என்று சொல்லிவிட்டு ஒழுங்காக நிற்க வேண்டும். 32 பிட்டில் நிரலுக்கு 2 ஜிபிதான் எல்லை என்பதால், பழைய நாட்களில் அந்தச் செய்தி பலமுறை வந்து எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. விண்டோஸ் ஒரு நினைவகத்தைத் தருகிறேன் என்று உறுதி சொன்னால், அதற்கான இடத்தை ராமிலோ வட்டில் இருக்கும் பேஜிங் கோப்பிலோ கணக்கில் எடுத்து வைத்துவிட்டுத்தான் சொல்லும். இடமில்லை என்றால் கேட்கும்போதே மறுத்துவிடும்.

லினக்ஸின் வழக்கம் வேறு. பெரும்பாலான நிரல்கள் கேட்டதை முழுக்கப் பயன்படுத்துவதில்லை என்பதால், கையிருப்பைவிட அதிகமாகவே வாக்குக் கொடுக்கும். உண்மையான இடம் தேவைப்படுவது நாம் அதில் எழுதும்போதுதான். அந்த நேரத்தில் இடமில்லை என்றால், யாரையாவது கொன்று இடம் பிடிக்கும். அந்தக் கொலைக் குறிப்பை நிரலால் பிடிக்கவோ தடுக்கவோ முடியாது. ஆகவே வெற்றுச் சுட்டியைச் சோதிக்கும் என் கோடு அப்படியே இருந்தது. அதற்கு வேலைதான் வரவில்லை.

அதிக வாக்குக் கொடுக்காதே என்று கெர்னலுக்கே சொல்ல ஓர் அமைப்பு உண்டு. அந்த மாறிக்கு 2 என்று மதிப்புக் கொடுக்கலாம். முயன்று பார்த்தோம். கணினி முழுவதற்கும் பொருந்தும் அமைப்பு என்பதால், பக்கத்தில் ஓடிய உலாவி தடுமாறியது. அதை விட்டுவிட்டு, நிரல் தொடங்கும்போதே செட்ஆர்லிமிட் மூலம் தன் முகவரி வெளிக்குத் தானே 3 ஜிபி எல்லை வைத்துக்கொள்ளும்படி செய்தோம். எல்லையைத் தொட்டால் மாலாக் வெற்றுச் சுட்டி தரும். வேண்டுமென்றே எல்லையைக் குறைத்து ஓட்டிப் பார்த்தேன். 'நினைவகம் போதவில்லை' என்ற அந்தப் பழைய செய்தி திரையில் வந்து, சுட்டிக் கோப்பு முழுதாகச் சேமிக்கப்பட்டது.

எல்லை வைத்ததும் இன்னொரு சங்கதி தெரிந்தது. சிறுபடங்கள் தயாரிக்க மூன்று த்ரெட்கள், அதாவது நிரலுக்குள்ளேயே இணையாக ஓடும் இழைகள், தனியே ஓடுகின்றன. ஜிலிப்சி ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அரீனா என்று தனிக் கையிருப்பு ஏற்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் 64 எம்பி முகவரி வெளியை முன்கூட்டியே பிடித்து வைக்கும். பயன்படுத்தாவிட்டாலும் அது எங்கள் 3 ஜிபி கணக்கில் சேரும். அரீனாக்களின் எண்ணிக்கையை 2 என்று கட்டுப்படுத்தினோம். ஒவ்வொரு ஏடு முடிந்ததும் மாலாக் டிரிம் என்ற அழைப்பைப் போட்டு, சும்மா கிடக்கும் இடத்தை இயங்குதளத்திடம் திருப்பிவிடுகிறோம்.

வாங்கியவர் திருப்பிக் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸில் ஒரு டிஎல்எல் (நிரலோடு சேரும் தனிக் கோப்பு) தன் சி நூலகத்தில் வாங்கிய நினைவகத்தை நாம் நம் ஃப்ரீயால் விடுவித்தால் நிரல் உடையலாம். இரண்டுக்கும் ஹீப் வெவ்வேறாக இருக்கக்கூடும். அதனால் 'எவர் வாங்கினாரோ அவரே விடுவிக்கட்டும்' என்று கோடு முழுக்க வைத்திருந்தேன். லினக்ஸில் பொதுவாக எல்லா நூலகத்துக்கும் ஒரே மாலாக். யார் விடுவித்தாலும் நடக்கும். தம்பி அந்தக் கூடுதல் அழைப்புகளை எடுத்துவிடலாம் என்றார். நான் விடவில்லை. விண்டோஸ் பதிப்பும் இன்னும் இரண்டு ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. 16 பைட்டுக்கு ஒழுங்குபடுத்தி வாங்கும் அழைப்பும் இதே ரகம்: விண்டோஸில் அதற்கென்று தனி விடுவிப்பு அழைப்பு வேண்டும், லினக்ஸில் சாதாரண ஃப்ரீ போதும். இரண்டையும் எங்கள் பெயரில் ஒரே இணையாகச் சுற்றி வைத்துவிட்டோம்.

மறுபடி திண்ணையில்

எல்லாம் முடிந்தபின் அதே 900 பக்கங்களை மறுபடி இரவில் ஓட்டினோம். காலையில் முடிந்திருந்தது. பெர்டர்ப் வைத்து ஒருமுறை, வைக்காமல் ஒருமுறை ஓட்டி, இரண்டு முடிவுகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்டோம். ஒரு பைட்கூட வேறுபடவில்லை.

40 பக்கங்களை அச்சிட்டு எடுத்துப் போனேன். ஆச்சி முதலில் மூன்றாவது தாளைத்தான் உருவினார். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். தலையில் ஒரே சுழி. ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளுக்குப் போனார். இருபத்து இரண்டாம் தாளில் மறுபடி நின்றார்.

"இங்க பாருங்க தம்பி, மங்கலா ஏதோ தெரியுது. இதுவும் உங்க மிஷின் பண்ணினதா?"

எனக்கு நெஞ்சு ஒருமுறை நின்று துடித்தது. எழுந்து போய் மூல ஏட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். தாளை முற்றத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பின்பக்கத்தில் அழுத்தி எழுதிய ௱ ஒன்று, மை ஊறி, இந்தப் பக்கம் வரை வந்திருந்தது. ஆச்சியும் எழுந்து வந்து பார்த்தார்.

"ஆமா. இது எங்க ஐயா கைதான். கோவமா இருந்தா இப்பிடித்தான் அழுத்தி எழுதுவாங்க."